பாறையில் பழுப்பாக முளைப்பது என்ன, மணலில் வெள்ளையாக உட்கார்ந்திருப்பது என்ன?

கானாடுகாத்தான்_உப்புத்தொட்டி:

வணக்கம். என் கடல்மீன் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீர் 190 லிட்டர் பிடிக்கும். பழைய வீட்டின் வளவுப் பத்தியில், முற்றத்து வெயில் நேராக விழாத மூலையில் வைத்திருக்கிறேன். ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு ஒசெல்லாரிஸ் கோமாளி மீன், நாலைந்து நத்தை, ஒரு துறவி நண்டு.

சந்தேகம் இரண்டு. சென்னையில் ஒரு கடையில் வாங்கிய பாறையில், ஒரு மாதம் கழித்துப் பழுப்பாக ஒன்று முளைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். நீளமான காம்பு, நுனி கூராகப் போகும் கைகள். விரலைக் கிட்டே கொண்டுபோனால் சட்டென்று பொந்துக்குள் போய்விடும். காசு கொடுக்காமல் ஒரு கடல் சாமந்தி (அனிமோனி) கிடைத்துவிட்டது என்று படம் பிடித்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். இன்று எண்ணினால் பதினொன்று. ஒன்று ஃபில்டர் குழாய் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, அதே கடையில் 'கார்ப்பெட்' அனிமோனி என்று சொல்லி விற்றது. இட்லி மாதிரி வெள்ளை, கைகளின் நுனி மட்டும் லேசான கத்தரிப்பூ நிறம். மணலில் காலைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது. வாங்கி மூன்று வாரம் ஆகிறது, கோமாளிகள் அதன் பக்கமே போகவில்லை. அலை மோட்டார் மூலையில்தான் தூங்குகின்றன. "வெள்ளையா இருந்தா சுத்தமா இருக்குன்னு அர்த்தம்டா" என்கிறார் அப்பத்தா.

பழுப்பை இடுக்கியால் பிடுங்கிவிடலாமா? தொண்டி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போய்த் தண்ணீரும் இரண்டு பாறையும் எடுத்து வரலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

மீனாச்சி_காரைக்குடி:

தம்பி, இடுக்கியைக் கீழே வையுங்கள்!

பாறையில் இருப்பது எய்ப்டேசியா. கண்ணாடி அனிமோனி என்றும் சொல்வார்கள். அதுவும் அனிமோனிதான், ஆனால் நாம் யாரும் கூப்பிட்டு வருவதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் தொட்டியில் நான்கு இருந்தன. எங்கள் வீட்டுப் பழைய பாக்குவெட்டியின் முனையால் சுரண்டி எடுத்தேன். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று வாரத்தில் இருபதுக்கு மேல். அடிக்கால் நகரும்போது பின்னால் விட்டுப்போகும் கடுகளவு சதைகூடத் தனி உயிராக வளர்ந்துவிடும். சுரண்டியது நான் விதை தூவின கதைதான்.

பழுப்பாக முளைப்பதெல்லாம் எய்ப்டேசியா இல்லை. கைகள் குட்டையாக, நுனி மொட்டையாக, கொஞ்சம் பச்சை கலந்திருந்தால் அது மஜானோ. அதுவும் தொல்லைதான், ஆனால் இவ்வளவு வேகமாகப் பொந்துக்குள் ஓடாது. உங்கள் படத்தில் காம்பு நீளம், கை கூர். எனக்குச் சந்தேகமே இல்லை.

மருந்து உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கடையில் கால்க்வாசர் என்று விற்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. நம் வீட்டுச் சுவரும் அதுதான், அப்பத்தா வெற்றிலையில் தடவுவதும் அதுதான். ஆனால் வாசனையோ சிவப்போ சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், தொட்டிக்கென்று விற்கும் சுத்தமான தூளையே வாங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீர் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றிக்கொள்ளுங்கள். மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அது விரிந்திருக்கும்போது கையை ஆட்டாமல் மெதுவாகக் கிட்டே போய் வாய்மேல் ஒரு சொட்டுப் பூச வேண்டும். இரை என்று நினைத்துக் கைகளை மூடிக்கொள்ளும், சுண்ணாம்பும் உள்ளே போய்விடும். சுருங்கினால் பொந்து வாயையும் பூசி அடையுங்கள். அரை மணி கழித்து மோட்டாரைப் போடலாம். உங்கள் தொட்டிக்கு ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரம் (பி.எச்.) ஏறிவிடும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை.

பெப்பர்மின்ட் இறால் விட்டாலும் தின்னும். ஆனால் அந்தப் பெயரில் கேமல் இறாலைத் தலையில் கட்டிவிடுவார்கள், அது பவளத்தையும் சேர்த்துத் தின்னும். சிவப்புக் கோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்து, முதுகும் கூனியிருந்தால் வாங்காதீர்கள்.

வெள்ளைக்கு வருவோம். அது கார்ப்பெட் இல்லை. கார்ப்பெட் என்றால் கைகள் குட்டைக் குட்டையாக, பூத்துவாலை மாதிரி நெருக்கமாக இருக்கும். உங்களுடையது நீளக் கை, கத்தரிப்பூ நுனி, மணலுக்குள் கால். செபே என்று விற்கும் ஹெடராக்டிஸ் கிரிஸ்பாதான். அதன் இயல்பான நிறம் பழுப்பு. சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் உணவு செய்து அதற்குப் பங்கு கொடுக்கிறது, பழுப்பு அந்தப் பாசியின் நிறம். சூட்டிலும் இருட்டுப் பையில் வந்த அலைச்சலிலும் பாசியை வெளியே தள்ளிவிட்டது. அப்பத்தாவிடம் சொல்லுங்கள், வெள்ளை சுத்தம் இல்லை, பட்டினி.

பிழைக்க வைக்கலாம், மாதக்கணக்கில் ஆகும். வாய் இறுக மூடியிருக்கிறதா, கை ஒட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் வாரத்துக்கு இரண்டு தடவை மிளகு அளவு இறால் துண்டு. பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும், உள்ளே போகவும் வெளியே வரவும் அதற்கு ஒரே வாய்தான். விளக்கை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போக வேண்டாம், அதாவது சித்திரை வெயிலுக்கு முன்னால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியாக வேண்டும். அலை மோட்டார் வாயில் ஸ்பாஞ்ச் கட்டுங்கள். இது இடம் பிடிக்காவிட்டால் நடக்கும், நடந்தால் நேராக மோட்டாருக்குள்தான் போகும். உண்மையைச் சொன்னால் ஐந்து மாதத் தொட்டிக்கு அனிமோனியே அவசரம். சரி, வாங்கியாயிற்று.

கோமாளி போகாததற்கு அதைக் குறை சொல்லாதீர்கள். உலகத்தில் ஆயிரம் வகை அனிமோனி இருந்தாலும் கோமாளிகள் குடியிருப்பது பத்தே வகையில். கிளார்கி என்ற கோமாளி வகை மட்டும் பத்திலும் இருக்கும். ஒசெல்லாரிஸுக்குக் கடலில் மூன்றுதான், அதில் கிரிஸ்பா இல்லை. தொட்டியில் ஒருநாள் மனம் மாறினாலும் மாறும், ஆனால் இப்போது போகாமல் இருப்பதே நல்லது. மெலிந்த அனிமோனியை உரசியே கெடுத்துவிடும்.

தொண்டிக்கரை:

தண்ணீர் எடுக்க வராதீர்கள் தம்பி. இங்கே பாக் விரிகுடாவில் கரையோரம் ஆழமில்லாத கடல், சேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கி உப்பும் இறங்கிவிடும். உப்புத்தூள் வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் 35 பி.பி.டி.க்கு (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கலப்பதுதான் நிம்மதி. பாறை பேச்சே வேண்டாம். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த பவளத்தை எடுத்தாலும் வழக்குத்தான்.

இன்னொன்று. உங்கள் இரண்டாவது படத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று தெரிவது பித்தளைத் தவலையா? அதிலா தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

கானாடுகாத்தான்_உப்புத்தொட்டி:

ஆமாம் அண்ணே. ஆர்.ஓ. தண்ணீரை அதில்தான் பிடித்து வைத்து, ஆவியாகிக் குறைந்ததற்கு ஊற்றுகிறேன். கொள்ளுப்பாட்டி சீர் கொண்டுவந்த தவலை. பிளாஸ்டிக்கைவிட நல்லது என்று நினைத்தேன்.

தொண்டிக்கரை:

நமக்கு நல்லது, அதற்கு விஷம். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. தாது இல்லாத ஆர்.ஓ. தண்ணீர் அதைக் கரைத்து இழுக்கும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு ஆகவே ஆகாது. மீன் நோய்க்குச் செம்பு மருந்து போட்ட தொட்டியில் அனிமோனியை விடக்கூடாது என்பதும் இதனால்தான். தண்ணீர் ஆவியாகும், செம்பு போகாது, ஒவ்வொரு தவலைக்கும் சேர்ந்துகொண்டே வரும். உணவுக்கு ஆகும் பிளாஸ்டிக் வாளிக்கு மாறுங்கள், கார்பன் பை ஒன்று போடுங்கள், வாரம் 30 லிட்டர் மாற்றுங்கள்.

மீனாச்சி_காரைக்குடி:

நான் படத்தில் அனிமோனியை மட்டும் பார்த்தேன், தவலையைப் பார்க்கவில்லை. நன்றி தம்பி.

கானாடுகாத்தான்காரருக்கு ஒரு ஆறுதல். எடின்பரோவில் ஜான் டாலியெல் என்பவர் 1828-இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்து ஜாடியில் வளர்த்த ஒரு சிவப்பு அனிமோனி, அவர் காலத்துக்குப் பின்னும் கைமாறிக் கைமாறி 1887 வரை இருந்தது. அதற்கு 'பாட்டி' என்றே பெயர். அவர் பித்தளையில் வைக்கவில்லை.

கானாடுகாத்தான்_உப்புத்தொட்டி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பதினொன்றில் எட்டு முதல் தடவையிலேயே போயிற்று. ஃபில்டர் வாயில் இருந்ததற்கு மட்டும் மூன்று முறை பூச வேண்டியிருந்தது, அந்தக் குழாயையே கழற்றி வெந்நீரில் போட்டேன். போன வாரம் பாறைக்குப் பின்னால் புதிதாக இரண்டு, அவற்றுக்கும் பூசியாயிற்று.

வெள்ளையில் அடிப்பக்கக் கைகள் பனங்கற்கண்டு நிறத்துக்கு வந்திருக்கின்றன. விளக்கு அணைந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மிளகு அளவு இறாலை விடாமல் பிடித்துக்கொள்கிறது, இன்னும் ஒரு தடவையும் கக்கவில்லை. கோமாளிகள் அதே மோட்டார் மூலையில். தவலை பரணுக்குப் போய்விட்டது. தூள் வரும்வரை பொறுக்காமல் ஒருநாள் நான் அப்பத்தாவின் சுண்ணாம்பு டப்பியை எடுத்து வாசனை பார்த்ததிலிருந்து, அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டே தூங்குகிறார்.