‘சாமிநாதன் இல்லம்’ குழுவில் ரெண்டு கையெழுத்து குறையுது

ராஜகோபால் (காலை 6:12): அனைவருக்கும் வணக்கம். வீட்டுப் பத்திரப் பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று. ஏப்ரல் 10, வெள்ளி, காலை 11 மணி. மல்லிகா, சாந்தி, வித்யா மூவரும் அசல் ஆதார், பான் கார்டு, 2 போட்டோ சகிதம் 10.30க்கே வந்துவிட வேண்டும். இது மூன்றாவது முறை. இனி தள்ள முடியாது.

மல்லிகா: சரி அண்ணா.

சாந்தி: 👍

அருண்: மாமா நானும் வரணுமா

ராஜகோபால்: நீ வாரிசு இல்லை. வண்டி ஓட்ட வா.

கவிதா: 😂😂

வித்யா (7:40): பெரியப்பா, 10ஆம் தேதி நான் ஊர்லயே இல்லையே. 8 ராத்திரி மும்பை கிளம்பறேன். 9, 10, 11 மூணு நாளும் வேர்ட்கேம்ப் ஏசியா. ஜனவரியிலயே சொன்னேனே.

ராஜகோபால்: எங்கே சொன்னாய்?

வித்யா: இதே குரூப்லதான். அன்னிக்கு கணேசன் மாமா முழங்கால் வலிக்கு வரிசையா அஞ்சு வீடியோ போட்டார். அதுக்கடியில போயிடுச்சு.

கணேசன்: 🙏

ராஜகோபால்: அது என்ன கேம்ப்? கண் சிகிச்சை முகாமா?

அருண்: 🤣🤣🤣

வித்யா: இல்ல பெரியப்பா. நான் வெப்சைட் கட்டிக் கொடுக்கறேன்ல, அது வேர்ட்பிரஸ்ங்கற மென்பொருள்லதான். அதுல பிளகின்னு கூடுதல் வசதி எழுதறவங்க, தீம்னு சைட்டோட தோற்றம் போடறவங்க, சைட்டை வெச்சுக்க இடம் தர்ற ஹோஸ்டிங் கம்பெனிக்காரங்க, சும்மா வலைப்பூ எழுதறவங்கன்னு எல்லாரும் கூடற கூட்டம் இது. மொத கூட்டம் 2006ல சான் பிரான்சிஸ்கோவில. அப்புறம் ஊருக்கு ஊர் நடக்க ஆரம்பிச்சுது. ஆசியாவுக்குன்னு பெருசா ஒண்ணு 2020 பிப்ரவரியில பாங்காக்ல வெச்சாங்க, கொரோனாவால ரத்தாயிடுச்சு. அதே பாங்காக்ல 2023ல நடத்திக் காட்டினாங்க. 2024 தைபே. 2025 மணிலா. இந்தத் தடவைதான், 2026ல, நம்ம நாட்டுக்கு வருது. மும்பை ஜியோ வேர்ல்ட் கன்வென்ஷன் சென்டர்ல. போன வருஷம் மணிலாவுக்கே போறதா இருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார்.

வித்யா: அதான் விட்டுட்டேன்.

சாந்தி: 🎤 குரல் செய்தி (1:12)

கவிதா: சித்தி டைப் பண்ணுங்க ப்ளீஸ், ஆபீஸ் பஸ்ல இருக்கேன்

ராஜகோபால் (8:05): சரி. சில கேள்விகள். அந்த மென்பொருள் என்ன விலை?

வித்யா: இலவசம்.

ராஜகோபால்: இலவசப் பொருளுக்கு மூன்று நாள் மாநாடு. யார் காசு?

கணேசன்: ⏩ பலமுறை பகிரப்பட்டது: எச்சரிக்கை!! இலவசம் என்ற பெயரில் கூட்டம் கூட்டி உங்களைச் சங்கிலியில் சேர்ப்பார்கள். ஏமாறாதீர்!! அனைவருக்கும் பகிரவும்!!

ராஜகோபால்: இதைத்தான் நானும் நினைத்தேன். மேடை, கோட்டு, கைதட்டல். எல்லாம் பார்த்தவன் நான்.

கவிதா: அப்பா 🌳

அருண்: 🌳🌳🌳

ராஜகோபால்: தேக்குமரத் திட்டத்தில் நான் ஏமாந்த பேச்சு இங்கே வேண்டாம்.

வித்யா: சங்கிலியெல்லாம் இல்ல பெரியப்பா. ஹோஸ்டிங் கம்பெனி, பிளகின் கம்பெனியெல்லாம் ஸ்பான்சர் பண்றாங்க, அதனாலதான் டிக்கெட் மலிவு. மேடையில பேசறவங்களுக்குச் சன்மானம் கிடையாது. நடத்தறதும் தன்னார்வலர்கள்தான், வேலையை முடிச்சுட்டு ராத்திரி உக்காந்து பார்க்கறாங்க. எந்த ஒரு கம்பெனியும் "இது என் மாநாடு"ன்னு சொல்லிக்க முடியாது.

ராஜகோபால்: சம்பளம் வாங்காமல் ஆயிரம் பேருக்கு மேல் கூட்டுகிறார்களா? கணக்கு யார் பார்க்கிறார்கள்?

கவிதா: 34 வருஷம் ஆடிட் செக்‌ஷன்ல இருந்தா இப்படித்தான்

வித்யா: மென்பொருளும் அப்படித்தான் வளர்ந்துச்சு. 2003ல பி2ன்னு ஒரு புரோகிராம், எழுதினவர் பாதியில விட்டுட்டார். மேட் முல்லன்வெக்னு கல்லூரி மாணவர், மைக் லிட்டில்னு ஒருத்தர், ரெண்டு பேரும் அதை எடுத்து மேல கட்டினதுதான் வேர்ட்பிரஸ். பழையவர் அனுமதி தேவைப்படல, ஏன்னா ஜிபிஎல் உரிமம். யாரும் எடுக்கலாம், மாத்தலாம், காசுக்கும் விக்கலாம். ஒரே நிபந்தனை, உங்ககிட்ட வாங்கினவங்களுக்கும் அதே உரிமையைக் கொடுத்துடணும். இன்னிக்கு உலகத்து வெப்சைட்ல பத்துக்கு நாலு இதுலதான் ஓடுது.

ராஜகோபால்: புறம்போக்கு மாதிரி.

மல்லிகா: புறம்போக்கு இல்லை அண்ணா. பங்காளி கையெழுத்தே தேவைப்படாத சொத்து. 😌

கவிதா: அத்தை 🔥

ராஜகோபால்: மல்லிகா, இது பத்திர விஷயம் பேசும் இடம்.

அருண் (8:31): வித்யா, நம்ம குடும்ப சைட்டையும் மும்பைக்குத் தூக்கிட்டுப் போயேன். அங்க யாராவது வைத்தியம் பார்ப்பாங்க

வித்யா: நீ பேசாத.

வித்யா: ஆனா விளையாட்டு இல்ல, சில வேர்ட்கேம்ப்ல நிஜமாவே அப்படி ஒரு மேஜை உண்டு. உடைஞ்ச சைட்டோட லேப்டாப்பை எடுத்துட்டுப் போனா உக்காந்து பார்த்துக் கொடுப்பாங்க. ஹாப்பினஸ் பார்னு பேரு.

ராஜகோபால்: பாரா?

சாந்தி: 🎤 குரல் செய்தி (0:48)

வித்யா: ஐயோ அம்மா, பெஞ்சு மேஜைதான். பேரு மட்டும் அப்படி.

கவிதா: அந்த சைட் எப்படி உடைஞ்சுதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன், எனக்கு அலுக்கவே அலுக்காது

அருண்: வேணாம்

வித்யா: 2022. தாத்தா நினைவு நாளுக்கு மொத நாள் ராத்திரி. பதினேழு பிளகின் "அப்டேட்" கேக்குதுன்னு பதினேழையும் ஒரே அழுத்தா அழுத்தினான். பேக்கப் இல்ல. வெள்ளைத் திரை. ஒரு எழுத்து இல்ல. நான் ஹோஸ்டிங்குக்குள்ள போயி பிளகின் ஃபோல்டரை ஒவ்வொண்ணா பேர் மாத்தி மாத்தி சைட் வருதா வருதான்னு பார்த்தேன். பேரை மாத்தினா அது அணைஞ்சுடும், கோளாறு எதுலன்னு தெரிஞ்சுடும். பன்னெண்டாவதுல சிக்குச்சு. என்ன பிளகின் தெரியுமா? பனி கொட்டற பிளகின். தாத்தா போட்டோ மேல பனி கொட்டணும்னு யார் கேட்டாங்க?

அருண்: அழகா இருந்துச்சு

கவிதா: வேட்டி சட்டையில பனியில நிப்பார் தாத்தா 😭😂

மல்லிகா: தளம் திரும்பி வந்தது. என் முகம்தான் பாதியோடு நின்றது.

வித்யா: அத்தை...

மல்லிகா: கைபேசியில் பார்த்தால் இடது கண்ணும் பாதி மூக்கும் மட்டுமே தெரியும். நடுவில் அண்ணா முழுதாக இருக்கிறார்.

வித்யா: அது கவர் பிளாக் அத்தை, பக்கத்து அகலத்துக்குப் படம் வைக்கற கட்டம். அகலமான போட்டோ ஃபோன்ல ஓரம் வெட்டுப்படும். ஃபோக்கல் பாயின்ட்னு ஒரு புள்ளி இருக்கு, அதை நகர்த்தினா சரியாயிடும்.

மல்லிகா: நான்கு வருடமாக நகராத புள்ளி.

கவிதா: 🫢

சாந்தி (8:58): தனியா எங்க தங்குவா. பாஷை தெரியாத ஊரு. நான் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல

வித்யா: தனியா இல்லம்மா, உள்ளூர் வேர்ட்பிரஸ் மீட்டப்ல பழக்கமான ரெண்டு அக்காங்க வராங்க, ஒரே ரூம். அங்க கும்பல்ல ஒதுங்கி நிக்கிற ஆள் இருக்கக்கூடாதுன்னே ஒரு வழக்கம் இருக்கு. வட்டமா நின்னு பேசறப்ப இன்னும் ஒருத்தர் நுழையற அளவுக்கு இடம் விட்டு நிக்கணும். மேல இருந்து பார்த்தா வீடியோ கேம்ல வர்ற வாய் திறந்த பேக்மேன் மாதிரி இருக்கும், அதனால பேக்மேன் விதி.

கவிதா: குடும்ப போட்டோ எடுத்தப்ப அந்த விதி தெரிஞ்சிருந்தா அத்தைக்கு ரெண்டு கண்ணும் வந்திருக்கும்

மல்லிகா: 👌

ராஜகோபால்: இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்க முடியாதா?

வித்யா: உரையெல்லாம் அப்புறம் வேர்ட்பிரஸ் டிவிங்கற வீடியோ சைட்ல சும்மாவே வரும். உரை கேக்கறதுக்குன்னு யாரும் போறதில்ல பெரியப்பா. எனக்குக் கிடைச்ச ரெண்டு பெரிய வேலையும் உள்ளூர் வேர்ட்கேம்ப்ல காரிடார்ல நின்னு பேசினப்ப வந்ததுதான்.

வித்யா: 9ஆம் தேதி கான்ட்ரிபியூட்டர் டே வேற இருக்கு. அதைத் தவற விடவே மாட்டேன். மேஜை மேஜையா பிரிஞ்சு உக்காந்து வேர்ட்பிரஸ்ஸுக்கே வேலை செய்வாங்க. ஒரு மேஜை புரோகிராம் கோடு, ஒண்ணு ஆவணம், ஒண்ணு போட்டோ, ஒண்ணு மொழிபெயர்ப்பு. கோடு தெரியாதவங்களும் போகலாம்.

மல்லிகா: மொழிபெயர்ப்பு என்றால்?

வித்யா: உங்களுக்கு சைட்டோட உள்பக்கத்தைத் தமிழ்ல மாத்திக் கொடுத்தேன்ல? அந்தத் தமிழ்.

மல்லிகா: அது தமிழா?

அருண்: போச்சு

மல்லிகா: கேட்கவேண்டும் என்றிருந்தேன். யார் எழுதியது? சில இடத்தில் சந்தி தவறு. சில இடத்தில் வேற்றுமை உருபு தனியே தொங்குகிறது.

வித்யா: சம்பளத்துக்கு யாரும் எழுதல அத்தை. ஆர்வம் இருக்கறவங்க ஒவ்வொரு வரியா போடறாங்க. தமிழுக்கு இந்தியா, இலங்கைன்னு ரெண்டு தனிப் பிரிவே இருக்கு. உருபு தொங்கறதுக்குக் காரணம் இருக்கு. வரிக்கு நடுவுல சதவீதக் குறியும் ஒரு எழுத்தும் சேர்ந்து நிக்கும். அங்க என்ன பேர் வரும்னு மொழிபெயர்க்கறப்ப தெரியாது. கம்ப்யூட்டர் அப்புறமா நிரப்பும். "இன்னதை நீக்கு"ன்னு எழுதணும்னா, பேர் "படம்"னு வந்தா "படம்ஐ நீக்கு"ன்னு நிக்கும்.

மல்லிகா (9:14): படம்ஐ!! மகர ஈறு அத்துச் சாரியை பெறும். படம் + ஐ = படத்தை. இது ஆறாம் வகுப்பு.

வித்யா: கம்ப்யூட்டர் ஆறாம் வகுப்பு படிக்கல அத்தை 😄

மல்லிகா: அப்படியானால் உருபு ஏற்காத இடத்தில் பெயரை வை. "நீக்கு: படம்". "நீக்கப்பட்டது: ஓடை". பெயர் எழுவாயாகவே நிற்கட்டும். எந்தப் பெயர் வந்தாலும் புணர்ச்சியே நேராது.

வித்யா: அத்தைஐஐஐ

மல்லிகா: அத்தையை.

கவிதா: 😂😂😂😂

வித்யா: நிஜமா சொல்றேன், இதை அந்த மேஜையில சொல்ல ஆள் வேணும். நான் ரெண்டு வருஷமா இதுல முட்டிக்கிட்டு இருக்கேன்.

மல்லிகா: நான் சொன்னால் மாற்றிவிடுவார்களா?

வித்யா: யார் வேணா பரிந்துரை போடலாம். அந்த மொழிக்கு எடிட்டர்னு சிலர் இருப்பாங்க, அவங்க பார்த்து ஏத்துக்கணும். இல்லன்னா திருப்பி அனுப்புவாங்க.

மல்லிகா: முப்பத்தோரு வருடம் சிவப்பு மை என் கையில் இருந்தது. எனக்கே திருப்பி அனுப்புவார்களா? பார்க்கிறேன்.

மல்லிகா: 9ஆம் தேதிக்கு மட்டும் வரலாமா?

அருண்: அம்மா???

வித்யா: கான்ட்ரிபியூட்டர் டேக்கு வழக்கமா தனியா பேர் கொடுக்கணும், மாநாட்டு டிக்கெட்டும் வேணும். கேட்டுப் பார்க்கறேன். வாங்க அத்தை, ரூம்ல இன்னொரு கட்டில் போடச் சொல்லலாம்.

ராஜகோபால்: ஒரு நிமிடம். மல்லிகா, 10ஆம் தேதி காலை பதிவு.

மல்லிகா: நினைவிருக்கிறது அண்ணா.

ராஜகோபால்: நான்கு கையெழுத்தில் இரண்டு மும்பையில் இருந்தால் நானும் சாந்தியும் போய் என்ன செய்வது?

கவிதா: அப்பா பேசாம ரெண்டு பேர்கிட்டயும் பவர் எழுதி வாங்கிக்கோங்களேன்

மல்லிகா: பவர் எழுதிக் கொடுத்த கதையை 1998இலேயே பார்த்தாயிற்று.

ராஜகோபால்: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

அருண் (9:33): வித்யா அந்த மஞ்சள் பொம்மை கொண்டு வா. உருண்டையைக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்குமே

வித்யா: வப்பு. வேர்ட்பிரஸ்காரங்களோட செல்லப் பொம்மை, ஜப்பான்ல பிறந்தது. அதுவும் ஜிபிஎல்தான், அதனால ஊருக்கு ஊர் தங்கள் வேஷம் போட்டு வரைஞ்சுப்பாங்க. ஸ்டிக்கர் கிடைச்சா கொண்டு வரேன்.

கவிதா: குட்டிக்கும் ரெண்டு. லேப்டாப்ல ஒட்ட இடமில்ல, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுவான்

அருண்: தாத்தா போட்டோவை வப்பு கட்டிப் பிடிச்ச மாதிரி ஒரு பிளகின்

வித்யா: உன் லாகின் பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்தறேன்.

சாந்தி: பெரியத்தான், தேதியைக் கொஞ்சம் தள்ளினா என்ன. போன வருஷமே அவங்கப்பாவால போக முடியாமப் போச்சு அவளுக்கு

ராஜகோபால் (10:20): எழுத்தரிடம் பேசினேன். 13 அல்லது 15க்கு மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். உறுதி இல்லை. அதுவரை 10ஆம் தேதி என்றே வைத்துக்கொள்ளவும்.

வித்யா: நன்றி பெரியப்பா 🙏

ராஜகோபால்: நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

மல்லிகா: வித்யா, அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது? நானே நகர்த்திக்கொள்கிறேன்.

வித்யா: சாயந்திரம் கால் பண்றேன் அத்தை. அருண் பக்கத்துல இருக்கக்கூடாது.

ராஜகோபால்: வித்யா, போவதாக இருந்தால் ஒன்று. ஸ்பான்சர் பணத்துக்கு வரவு செலவு யார் தணிக்கை செய்கிறார்கள், அறிக்கை வெளியிடுகிறார்களா என்று கேட்டு வா. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

கணேசன் (பகல் 12:47): யார் மும்பை போறது?