இளஞ்சிவப்புப் பூ பூக்கும் ஆளி: எந்த இனம்?

நண்பர்களே, ஏப்ரல் தொடக்கத்தில் இஸ்ரேலின் கார்மல் மலைச்சரிவில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே எடுத்த படம் இது. நாம் சாப்பிடும் ஆளி விதைச் செடிக்கு நீலப் பூ. இதுவோ நல்ல ரோஸ். ஐந்து இதழ்கள், அவற்றில் ஊதா நரம்புகள். ஒரு சாண் உயரம்தான். தண்டெல்லாம் மென்முடி, தடவினால் பூனைக் காது மாதிரி. மதியம் திரும்பி வந்தால் பாதி இதழ்கள் உதிர்ந்து கிடந்தன!

லினம் (ஆளிப் பேரினத்தின் அறிவியல் பெயர்) பியூபெசென்ஸ் என்று நினைக்கிறேன். அதே பேரினத்து லினம் டெனுயிஃபோலியம் இல்லை, அதன் இலை ஊசி போல இருக்கும், முடியும் இருக்காது. லினம் விஸ்கோசம்தான் குழப்புகிறது. ஆனால் அது பல்லாண்டுச் செடி, ஸ்பெயின், ஆல்ப்ஸ் பக்கத்தது. இது பல்லாண்டுச் செடியா என்று வேரைப் பிடுங்கிப் பார்க்க மனம் வரவில்லை. வேறு எதை வைத்து உறுதி செய்வது? புல்லிவிதழா, காயா?