மறு: மறு: டோயேஜ், ஸ்டோயேஜ் – வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் ஆங்கிலக் கப்பல் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்; மற்றவை முடிந்துவிட்டன. டோயேஜ் (towage), ஸ்டோயேஜ் (stowage) இந்த இரண்டும்தான் பாக்கி.

டோயேஜ் எளிது. துறைமுகத்துக்குள் வரும் பெரிய கப்பலை இழுவைப் படகு கயிறு கட்டி இழுக்கும், தேவைப்பட்டால் தள்ளும். அந்த வேலைக்கும் அதற்கான கட்டணத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். பேராசிரியர் ஐயா 'ஈர்ப்பம்' என்கிறார். ஐயா பொறுத்தருள வேண்டும். ஈர் என்றால் இழுப்பது மட்டுமல்ல, அறுப்பதும்தான். ஈர்வாள் அப்படி வந்தது. பள்ளிப் பிள்ளைக்கோ ஈர்ப்பு என்றதும் புவியீர்ப்பு நினைவுக்கு வரும். 'இழுப்பு' என்றால் மூச்சிரைப்பு நோய். சங்ககிரிப் பக்கம் பழுதான லாரியைக் கட்டி இழுத்து வருகிறார்கள், அந்த வினையே போதும். வேலைக்கு இழுவை, கட்டணத்துக்கு இழுவைக் கூலி. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று வழக்கில் இருக்கும்போது இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

ஸ்டோயேஜ்தான் சிக்கல். கப்பலில் சரக்கை இடம் பார்த்து அடுக்கும் வேலை அது. போன வருடம் நானே இதைச் 'சரக்குச் சேமிப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். "கப்பலுக்குள்ள எதுக்குங்க சார் குடோன் வாடகை?" என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். குடோனில் சரக்கு சும்மா இருக்கிறது. கப்பலில் அதை இடம் பார்த்து வைக்க வேண்டும்: கனமானது கீழே, முதல் துறைமுகத்தில் இறங்குவது எட்டும் இடத்தில், நனையக் கூடாதது தனியே. அலையில் சரக்கு ஒரு பக்கம் நகர்ந்தால் கப்பலே சாய்ந்துவிடும். 'சேமிப்பு', 'வைப்பு' எதிலும் இந்தக் கைத்திறம் இல்லை.

என் சொல் 'பொதிப்போர்'. பட்டினப்பாலையில் சோழரின் புலிச்சின்னம் பொறித்த மூட்டைகளின் குவியலைப் 'பொதிமூடைப் போர்' என்றே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் இன்றைக்கும் சோளத்தட்டைப் போர் போடுகிறோம். என் தாத்தா அடிப்பக்கம் வெளியே, நுனி உள்ளே என்று சுற்றிச் சுற்றி அடுக்குவார். ஆடி மாசக் காத்துக்கும் அது சரியாது. அதுதானே ஸ்டோயேஜ்?

ஈரோட்டு அண்ணன் மறுத்திருக்கிறார். "போர் என்றால் இப்போது சண்டை, இல்லாவிட்டால் ஆழ்குழாய்க் கிணறு. தோட்டத்தில் போர் போட்டேன் என்றால் எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள்" என்கிறார். உண்மை, மறுக்க முடியவில்லை. ஆனால் "கடலே இல்லாத கொங்கு நாட்டுக்காரர் எதற்குக் கப்பல் சொல் செய்கிறீர்கள், தூத்துக்குடியில் கேளுங்கள்" என்று அவர் எழுதியதை ஏற்க மாட்டேன். பழங்காலத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊரில் மணி செய்தவர்கள் கடல் வணிகத்துக்காகவும்தான் செய்தார்கள். இன்றும் பனியன் பெட்டிகளை 40 அடி கன்டெய்னரில் அடுக்குவது பல கம்பெனிகளில் இங்கேயேதான். அடுக்கிப் பூட்டி, சீல் வைத்த பிறகே அது துறைமுகத்துக்குக் கிளம்புகிறது. அடுக்குகிறவர்களுக்குச் சொல் செய்யவும் உரிமை உண்டு.

சரி, ஐந்து பேர் 'சரக்கடுக்கு' என்கிறீர்கள். படித்ததும் புரிகிறது, அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். விளக்கத்தில் "தட்டுப்போர் போடுவது போல" என்று ஒரு வரி சேர்ப்பேன், அதை யாரும் வெட்ட வேண்டாம்.

அப்புறம், புரோக்கன் ஸ்டோயேஜ். பெட்டிகளுக்கு நடுவே நிரப்ப முடியாமல் வீணாகும் இடம். பேராசிரியர் ஐயாவின் 'இடைவெறுமை' பிள்ளைகள் வாயில் நுழையாது. லோடு ஏற்றுகிறவர்கள் 'சந்து' என்கிறார்கள். கரூர் அம்மா, உங்கள் பக்கம் பெட்ஷீட் பேல் ஏற்றும்போது இதற்கு வேறு சொல் உண்டா? நாளை மாலைக்குள் எழுதுங்கள்.