ஓசூர் 2046: முதலில் விமான நிலையமா, தண்ணீரா?

பாகலூர்க்காரன்:
இருபது வருஷம் கழிச்சு ஓசூர் எப்படி இருக்கணும்னு நாம இப்பவே பேசலைன்னா, பெங்களூரு நமக்கும் சேர்த்து முடிவு பண்ணிடும். 2011 கணக்கெடுப்புல லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த நகராட்சி, 2019ல மாநகராட்சி ஆயிடுச்சு. என்னைக் கேட்டா முதல் வேலை விமான நிலையம்தான். 2024 ஜூன்ல முதல்வர் சட்டசபையில அறிவிச்சது 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள். லேலண்டும் டிவிஎஸ்ஸும் ரோட்டை நம்பி வந்த கம்பெனிங்க. இப்ப வர்ற எலெக்ட்ரானிக்ஸ் சரக்கு விமானத்துல போறது. அதை பெங்களூருக்குள்ள சில்க் போர்டு, ஹெப்பால் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு அனுப்பிக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவோம்?

தென்பெண்ணை_கரை:
சார், 150 கிலோமீட்டர் விஷயத்தை விட்டுட்டீங்களே. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி, மைசூரு, ஹாசன் தவிர அந்தச் சுற்றளவுக்குள்ள வேற சர்வதேச விமான நிலையம் 25 வருஷத்துக்கு வரக்கூடாது. அது திறந்தது 2008. அப்போ 2033 வரைக்கும் கை கட்டித்தான் நிக்கணும். பெலகொண்டப்பள்ளியில தனியார் ஓடுதளம் இருந்தும் சின்ன ஊர்களுக்கு விமானம் விடற உடான் திட்டத்துல ஓசூருக்கு விமானம் வராததுக்கும் இதுதான் காரணம்.

நான் கேக்கறது வேற. கெலவரப்பள்ளி அணையில ஷட்டர் திறக்கிற அன்னைக்கு போய்ப் பாத்திருக்கீங்களா? நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி தரைப்பாலத்து மேல வந்து உக்காரும். நந்தி மலையில பிறக்கிற தென்பெண்ணை ஆறு, பெங்களூரு ஏரிகளோட கழிவையும் சோப்பு நுரையையும் சுமந்துக்கிட்டு நம்ம எல்லைக்குள்ள வருது. வாசல்ல ஒரு அணை இருந்தும் குடிக்க ஒகேனக்கல்லில இருந்து பம்ப் பண்ணித்தான் தண்ணி வருது. இதுல 3 கோடி பயணிகள்!

பாகலூர்க்காரன்:
நுரை கர்நாடகா பிரச்சினை. தீர்ப்பாயம் இருக்கு, வழக்கு இருக்கு. அது தீர்ற வரைக்கும் நாம தொழிலை நிறுத்தி வைக்கணுமா? அப்புறம் 2033னு நீங்க சொல்றதே என் பக்கத்துக்குத்தான் சாதகம். நிலம் எடுத்து, அனுமதி வாங்கி, கட்டி முடிக்க ஏழெட்டு வருஷம் ஆகும். இன்னைக்கு ஆரம்பிச்சாத்தான் தடை முடியற நேரத்துக்கு ஓடுதளம் தயாரா இருக்கும். அவங்க கனகபுரா ரோடு பக்கம் ரெண்டாவது விமான நிலையத்துக்கு இடம் பாத்துக்கிட்டு இருக்காங்க. அது முதல்ல வந்துட்டா நம்ம 2,000 ஏக்கரும் காகிதத்தோட சரி.

தென்பெண்ணை_கரை:
பாதி நுரை அவங்களோடதுன்னே வெச்சுக்குவோம். நம்ம கழிவு எங்கே போகுது? பாதாளச் சாக்கடைக்கு இப்பத்தான் தெருத்தெருவா தோண்டிக்கிட்டு இருக்காங்க. ராமநாயக்கன் ஏரிக்கு நடைபாதை போட்டோம், சரி. அதுக்குள்ள வந்து சேர்ற தண்ணி எப்படிப்பட்டதுன்னு யாராவது கேட்டோமா? நாம விடறது கிருஷ்ணகிரி அணைக்குப் போகுது, அங்கேருந்து சாத்தனூர், அப்புறம் கடலூர். கீழே இருக்கிறவங்களுக்கு நாமதான் பெங்களூரு.

ஷிப்ட்_பி:
அண்ணனுங்க ரெண்டு பேரும் பெரிய விஷயமா பேசுறீங்க. நான் தர்மபுரியிலிருந்து வந்து இங்கே லைன்ல வேலை பாக்கறேன். எங்க ரூம்ல நாலு பொண்ணுங்க. வாடகை வருஷா வருஷம் ஏறுது, சம்பளம் அந்த அளவுக்கு ஏறல. கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசல்ல இறக்கி விட்டா அதோட நகரம் முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போகணும்னா ஷேர் ஆட்டோதான். இருபது வருஷத் திட்டம்னா இந்தப் பொண்ணுங்க குடும்பமாகி இங்கேயே இருப்பாங்களா, ஹாஸ்டல்லயே இருந்துட்டு ஊருக்குத் திரும்பிடுவாங்களான்னு யாராவது முடிவு பண்ணுங்க. இருப்பாங்கன்னா வீடு வேணும், பள்ளிக்கூடம் வேணும், ராத்திரி பத்து மணிக்கு டவுன் பஸ் வேணும். விமானத்துல ஏறப்போறது நாங்க இல்ல.

பாகலூர்க்காரன்:
தங்கச்சி சொல்றது நியாயம். அதுக்குத்தான் பொம்மசந்திரா மெட்ரோவை ஓசூர் வரைக்கும் நீட்டச் சொல்றோம்.

ஷிப்ட்_பி:
மெட்ரோ வந்தா பெங்களூருல வேலை பாத்துட்டு இங்கே வந்து தூங்குறவங்கதான் கூடுவாங்க. வாடகை இன்னும் ஏறும். எனக்குத் தேவை ஜூஜூவாடி, பேகேபள்ளி, மத்திகிரி சுத்தி வர்ற பஸ்.

இ_அண்ட்_எம்_பாலா:
மெட்ரோ பத்தி ஒரு சின்னத் தகவல். பெங்களூரோட ‘நம்ம மெட்ரோ’ ஓடறது 750 வோல்ட் டிசி, தண்டவாளம் பக்கத்துல மூணாவது ரயில்ல கரண்ட். சென்னை மெட்ரோ 25 கிலோவோல்ட் ஏசி, தலைக்கு மேல கம்பி. சென்னை முறையில இங்கே கட்டினா பெங்களூரு பாதையோட ஒட்டாது, பொம்மசந்திராவில இறங்கி மாறணும். அரசியலை விடுங்க, பொறியியலே இன்னும் முடிவாகல. அதுக்குப் பதிலா, இருக்கிற சேலம் ரயில் பாதையில காலை மாலை கூடுதல் வண்டி விட்டாலே பாதி கூட்டம் குறையும். இது யாருக்கும் பெருமை தராத திட்டம், அதனாலதான் யாரும் அறிவிக்க மாட்டேங்கறாங்க.

தளி_ராகி:
நிலம் கொடுக்கப் போறவன் ஒருத்தன்கூட இந்தப் பேச்சில இல்லையேன்னு பாத்தேன். 2023ல உத்தனப்பள்ளியில சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம்னு விவசாயிங்க நாள் கணக்கா உக்காந்தாங்க. தமிழ்நாட்டுல தொழிலுக்கு நிலம் எடுக்கத் தனியா 1997 சட்டம் இருக்கு. மத்திய 2013 சட்டத்துல இருக்கிற சமூகத் தாக்க மதிப்பீடு அதுல கிடையாது. கிராமத்துல யாருக்கு என்ன ஆகும்னு கேக்காமலே எடுக்கலாம். ராகி அறுப்பு சமயத்துல பன்னர்கட்டாவிலிருந்து யானை வருது, சானமாவுல வந்து நிக்குது. நீங்க போடற வரைபடத்துல அது நடக்கிற வழி இருக்கா?

பாகலூர்க்காரன்:
உத்தனப்பள்ளி வேற, இது வேற. விமான நிலையத்துக்குச் சொல்ற பேரிகை பக்கம் பாதி நிலம் ஏற்கெனவே ரியல் எஸ்டேட்காரங்க கையில.

தளி_ராகி:
அப்போ இழப்பீடு யாருக்குப் போகும்னு நீங்களே சொல்லிட்டீங்க. ரோஜாவும் புதினாவும் போடறவன் குத்தகைக்காரன், பட்டா அவன் பேர்ல இல்ல.

தென்பெண்ணை_கரை:
பாகலூர் சார், விமான நிலையத்தை நான் வேண்டாம்னு சொல்லல. நிலம் எடுக்க அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி, அதுக்கு எந்த ஆத்துத் தண்ணி, அதோட கழிவு எந்த ஏரிக்குன்னு எழுத்துல வரணும். இதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?

பாகலூர்க்காரன்:
எழுத்துல வரட்டும், ஆனா அதுக்காக 2033 தள்ளிப் போகக்கூடாது. குத்தகைக்காரங்க விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, தளி அண்ணா. உங்க பக்கம் சங்கத்துல என்ன கேக்கறாங்கன்னு போடுங்க.

தளி_ராகி:
பட்டா வேண்டாம், கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கல்ல பயிர் பண்றவன் பேரை ஏத்துங்கன்னு கேக்கறாங்க. விஏஓ ஏத்த மாட்டேங்கறார்.