கோஜிரா கேட்கும் மலைக்காரர்களே, உங்களைப் பிடித்து நிறுத்திய பாட்டு எது?

கோத்தகிரி உறுப்பினர்:

நீலகிரியில் கோஜிரா என்ற பிரெஞ்சு மெட்டல் (கனமான ராக் இசை) குழுவைக் கேட்கிற ஆட்கள் ஆங்காங்கே இருக்கிறோம். எந்தப் பாட்டு, எங்கே கேட்டீர்கள், அதற்கப்புறம் அந்தக் குழு மாறிய விதம் பிடித்ததா இல்லையா என்று ஆளுக்குக் கொஞ்சம் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

என் பாட்டு 'அமேசோனியா'. 2021-இல் வந்த 'ஃபார்ட்டிட்யூட்' ஆல்பத்தில் இருக்கிறது. தொடக்கத்திலேயே டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம். கேட்டதும் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மோர்சிங் கலைஞர்தான் கண்முன் வந்தார். அதே இனத்து வாத்தியம்தான், வாயில் வைத்து விரலால் சுண்டுவது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்வரை பெரும்பாலும் அடங்கியே ஒலிக்கும் அதை இவர்கள் பாட்டின் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அப்புறம் கிட்டார் நுழைகிறது. ஒரு சுரத்தைப் பிடித்து, வளைத்து, வழுக்கவிட்டு, சட்டென்று நிறுத்துவார்கள். அந்த இடத்தில் மாரியோ டுப்ளாண்டியேவின் டிரம்ஸ் வந்து விழும். பெரிய வேகம் கிடையாது. ஆனால் அடி நெஞ்சுக்கூட்டில் விழுவது தெரியும்.

எங்கள் பக்கத்துக் கோத்தர் கிராமத்தில் கம்பட்டராயர் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். குழலும் பறைகளும் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, வெள்ளை உடுத்திய ஆண்கள் வட்டமாக ஆடுவார்கள். கொஞ்ச நேரம் நின்றால் போதும், நாம் தாளத்தை எண்ணுவதை விட்டுவிடுவோம், கால் தானாக எடுத்துக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டு மெட்டலுக்கும் கோத்தர் இசைக்கும் உறவு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒன்றே திரும்பத் திரும்ப வருவதில் என்ன பலம் இருக்கிறது என்று இந்த மலையில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பாட்டு எதைப் பற்றியது என்று பெயரே சொல்லிவிடுகிறது. எரிகிற காடு, அங்கே வாழ்கிற மக்கள். பாடியதோடு நிற்காமல், மற்ற இசைக்குழுக்களிடம் கிட்டார், டிரம்ஸ் என்று வாங்கி ஏலம் விட்டு, பிரேசில் பழங்குடி மக்களின் கூட்டமைப்புக்கு நிதி திரட்டினார்கள். மாசி, பங்குனியில் முதுமலைப் பக்கம் புகை எழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டு தூரத்து விஷயமாக இருக்காது. சோலையை வெட்டித் தைலமரமும் சீகை மரமும் நட்ட மலை இது.

பிரேசில் மெட்டல் குழுவான செபுல்டுரா, 1996-இல் வந்த 'ரூட்ஸ்' ஆல்பத்துக்காகப் பிரேசிலின் ஷவாந்தே மக்களோடு சேர்ந்து பதிவு செய்தது. 'அமேசோனியா' அதன் நகல் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கடன் காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் பாடகர் ஜோ டுப்ளாண்டியே கோரஸில் கத்தலை விட்டுவிட்டுப் பாட ஆரம்பிக்கிறாரே, அங்கே இது முழுக்க கோஜிராவின் பாட்டாகிவிடுகிறது. என் கருத்து இதுதான்: இவர்கள் வருடத்துக்கு வருடம் சுரங்களைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், கனத்தைக் குறைக்கவில்லை.

குன்னூர் உறுப்பினர்:

தம்பி, கடைசி வரியில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நான் 'ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்' காலத்து ஆள். 2005-இல் வந்த ஆல்பம் அது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் 'ஃப்ளையிங் வேல்ஸ்' தொடக்கத்தில் திமிங்கிலச் சத்தம் வரும், மெதுவாகக் கிட்டார் வரும், அடி எப்போது விழும் என்று காக்க வைப்பார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், பர்லியார் பக்கம் ஒவ்வொரு கொண்டை ஊசியாகத் திரும்பும்போது இதைக் கேட்டேன். அந்த முதல் அடி விழுந்தபோது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பிரான்சில் பாயோன் என்ற ஊர்ப் பக்கத்துப் பையன்கள் நால்வர். 1996-இல் 'காட்ஸில்லா' என்ற பெயரில் தொடங்கி, அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாமல் 2001-இல் கோஜிரா ஆனார்கள். ஜோ, மாரியோ அண்ணன் தம்பி. கிட்டாரில் கிறிஸ்டியன் ஆந்த்ரேயு, பேஸில் ழான்-மிஷேல் லபாடி. இருபது வருடங்களுக்கும் மேலாக ஆள் மாறாத குழு. அந்த ஒட்டுதலை முதல் காலத்து ஆல்பங்களில் கேளுங்கள். இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை உதைக்கிற மாரியோவும் வலது கையால் நறுக்குகிற கிட்டாரும் ஒரே ஆள் வாசிப்பது மாதிரி கேட்கும். 2008-இல் வந்த 'டாக்ஸிக் கார்பேஜ் ஐலண்ட்' பசிபிக் கடலில் மிதக்கிற பிளாஸ்டிக்கைப் பற்றியது. நம் மலை அடிவாரத்தில் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிற சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஓடும்.

2016-இல் வந்த 'மாக்மா' சுமார் 44 நிமிடம்தான். பாட்டுகள் சின்னதாகிவிட்டன, கத்தல் குறைந்துவிட்டது. அது நல்ல ஆல்பம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'ஃபார்ட்டிட்யூட்' ஆல்பத்தில் 'தி சான்ட்' மாதிரி பாட்டுகள் கூட்டம் சேர்ந்து பாடுவதற்கென்றே செய்தவை. அங்கே கனம் குறைந்துதான் இருக்கிறது. நமக்குப் பிடித்தவர்கள் என்பதற்காக அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கூடலூர் உறுப்பினர்:

அண்ணா, 'மாக்மா'வை ரெண்டு வரியில் முடித்துவிட்டீர்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்கு அதில் வரும் 'ஸ்ட்ராண்டட்'. சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன், அதனால் கை வழியாகத்தான் அந்தப் பாட்டுக்குள் போனேன். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) முடிகிற இடத்தில் கிட்டார் கிறீச்சென்று மேலே தாவும் பாருங்கள், அது வாமி பெடல். காலால் மிதித்தால் சுரம் அப்படியே மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடும். என்னிடம் அந்தப் பெடல் இல்லை, மற்றதைப் பழகினேன். இடது கைக்கு வேலையே இல்லை, சுலபமாகப் பிடிபட்டுவிட்டது. கஷ்டம் எல்லாம் வலது கையில். உள்ளங்கை ஓரத்தைத் தந்தி மேல் வைத்து ஒலியை அமுக்கி, அடுத்த அடி வரும்வரை சுத்தமாக நிசப்தமாக வைத்திருக்க வேண்டும். கை ஒரு நூல் நகர்ந்தாலும் தந்தி முனகும், பாட்டு சப்பென்று ஆகிவிடும். சுரம் நிறைய இருந்தால் பிசிறு அதற்குள் மறைந்துவிடும். இவர்கள் மறைய இடம் வைக்கவில்லை. எளிமையாகிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை கையில் எடுத்து வாசித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று. 'மாக்மா'வின் முதல் பாட்டு 'தி ஷூட்டிங் ஸ்டார்'. கத்தலே இல்லாமல், குரல் மேல் குரலாக அடுக்கி, ஒரே இழுவையாகப் பாடியிருப்பார்கள். வீட்டில் அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எங்கள் அப்பாயி சிலோன் தோட்டத்திலிருந்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வந்தவர், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் இறந்தாலும் ஒப்பாரி பாட முதலில் கூப்பிடுவது அவரைத்தான். கொழுந்துப் பையைத் தைத்துக்கொண்டே கேட்டவர், "யாரு செத்துப் போனாங்கன்னு இப்படி இழுக்கிறான்?" என்றார். அந்த ஆல்பம் செய்துகொண்டிருந்தபோது டுப்ளாண்டியே சகோதரர்களின் அம்மா இறந்துபோனது எனக்கு அப்போது தெரியாது. படித்துத் தெரிந்துகொண்டு வந்து சொன்னேன். "அம்மாவுக்கா, அப்ப சரி" என்று ஊசியில் நூல் கோத்தார்.

அம்மாவுக்காக அழுகிறவனிடம் போய் இன்னும் வேகமாக வாசி என்று எப்படிக் கேட்பது, அண்ணா?

குன்னூர் உறுப்பினர்:

அம்மா, அப்பாயி சொன்னதற்கு எதிராக நான் என்ன பேச முடியும். 'மாக்மா' விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. 'தி சான்ட்' பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை.

கோத்தகிரி உறுப்பினர்:

அண்ணா, உங்களுக்குத்தான் 2024 ஜூலை 26 வந்தது. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா, நமக்கு நள்ளிரவு நெருங்குகிற நேரம். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தை அடைத்து வைத்திருந்த கோன்சியெர்ஜரி கட்டடத்தின் சுவரில், உயரத்தில் நின்று வாசித்தார்கள். ஆப்பரா பாடகி மரினா வியோட்டி கூடப் பாடினார். ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு மெட்டல் குழு வாசித்தது அதுவே முதல்முறை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாட்டைத்தான் எடுத்திருந்தார்கள். நீங்கள் கேட்கிற இரட்டைக் கால் டிரம்ஸ், நறுக்குகிற வலது கை, அடித்தொண்டைக் கத்தல் எல்லாம் அப்படியே திரும்பி வந்திருந்தது. 'மியா குல்பா' என்ற அந்தப் பதிவுக்கு 2025-இல் கிராமி கிடைத்தது. பழையதைத் தொலைத்திருந்தால் உலகமே பார்க்கிற இரவில் அதை எடுத்து வாசித்திருக்க முடியாது. தேவைப்படும்போது எடுக்கிறார்கள், தேவையில்லாதபோது வைத்துவிடுகிறார்கள்.

கூடலூர் அக்கா, 'ஸ்ட்ராண்டட்' வலது கையை ஒரு வீடியோவாக எடுத்துப் போடுங்கள். ஊட்டிப் பக்கம் டிரம்ஸ் வாசிக்கிற யாராவது இருந்தால் 'ஃப்ளையிங் வேல்ஸ்' பற்றி எழுதுங்கள். குன்னூர் அண்ணா சொன்ன அந்த முதல் அடியைக் காலால் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.