சிஆர்பி அதிகம், தூக்கத்தில் மூச்சுத் தடை: உங்கள் அனுபவம் என்ன?

என் கணவருக்கு ஹெச்எஸ்-சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் கூடும் சிஆர்பி என்ற புரதத்தை நுட்பமாக அளக்கும் ரத்தப் பரிசோதனை) எப்போது எடுத்தாலும் 3-க்கு மேலேயே வந்தது. இதய நோய் அபாயத்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைவு, 3-ஐத் தாண்டினால் அதிகம் என்பது கணக்கு. காய்ச்சல் இல்லை, பல்லில் சீழ் இல்லை, மூட்டு வீக்கமும் இல்லை. டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "இவர் எப்படித் தூங்குகிறார்?"

குறட்டை உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்துவிடும். மார்பும் வயிறும் மாறி மாறி எழும்பும், மூக்கருகில் விரல் வைத்தால் காற்றே வராது. அப்புறம் ஒரு திணறல், மறுபடி குறட்டை. இதைச் சொன்னதும் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் பரிசோதனை, எழுதினார். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டிருந்தது. அது தீவிர நிலை.

ஒவ்வொரு தடையிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி ஏறுகிறது. இரவெல்லாம் இப்படி நடந்தால் அழற்சி தூண்டப்படுகிறது. ஐஎல்-6 என்ற அழற்சியைத் தூண்டும் புரதம் கூடுகிறது, அது சொல்லித்தான் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. இப்போது தூங்கும்போது காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் மாஸ்க் போடுகிறார். உங்களில் யாருக்காவது சிஆர்பி இறங்கியதா?

பதில்:
சகோதரி, மாஸ்க் போட்டதும் எனக்குக் காலைத் தலைவலியும் பகல் தூக்கமும் போயே போய்விட்டன. சிஆர்பி மட்டும் அசையவில்லை. வயிற்றுக் கொழுப்பும் ஐஎல்-6-ஐச் சுரக்கும் என்று டாக்டர் விளக்கினார். உடல் பருமனும் மூச்சுத் தடையும் சேர்ந்து இருப்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வந்தது. அதில் எடை குறைத்தவர்களுக்குத்தான் சிஆர்பி குறைந்தது, மாஸ்க் மட்டும் போட்டவர்களுக்குக் குறையவில்லை. அதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள். மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது அதுதான். எனக்கு எடை இறங்க ஆரம்பித்த பிறகுதான் சிஆர்பியும் இறங்கியது.

பதில்:
சளி, காய்ச்சல் இருக்கும்போது சிஆர்பி பரிசோதனை வேண்டாம். 10-க்கு மேல் வந்தால் முதலில் தொற்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், சரியான பிறகு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். இன்னொன்று: என் அம்மா ஒல்லி, சிஆர்பியும் 1-க்குக் கீழ். ஆனாலும் ஸ்லீப் ஸ்டடியில் மூச்சுத் தடை உறுதியானது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்று குறட்டையை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.