சின்ன பிசிஆர் அறை: டிஎன்ஏ போடாத குழியிலும் சிக்னல் வருகிறது, உதவுங்கள்

கிளினிக்வாசி:
எங்கள் கிளினிக்கில் மரபணுச் சோதனைக்கென்று ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே அறை, சின்னது. ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரிப்பது, மாஸ்டர் மிக்ஸ் (பிசிஆருக்கான என்சைமும் ரீஏஜென்ட்டும் சேர்ந்த கலவை) கலப்பது, ரியல் டைம் பிசிஆர் (டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி, பெருகும்போதே அளப்பது) ஓட்டுவது எல்லாம் ஒரே நீள மேசையில்தான். ஃபேக்டர் ஃபைவ் லைடன் (ரத்த உறைவு அபாயத்துக்கு), சிஒய்பி2சி19 (மருந்தை உடல் கையாளும் விதத்துக்கு) மாதிரி சில ஜீனோடைப்பிங் (ஒருவரிடம் எந்த மரபணு வகை என்று பார்ப்பது) மட்டும் செய்வதாகத் திட்டம். முதலில் சுத்தமாக ஓடியது, இப்போது என்டிசி (டிஎன்ஏ போடாத ஒப்பீட்டு) குழிகளில் 36, 37ஆவது சுழற்சியில் வளைவு மேலே ஏறுகிறது. மெஷின் பொருத்த வந்தவரைக் கேட்டால், அவ்வளவு தாமதமாக வந்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்கிறார். தண்ணீரை மாற்றிவிட்டேன், மேசையை 70 சதவீத எத்தனாலால் துடைத்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. கிட்டை மாற்றணுமா, அறையை மாற்றணுமா?

பைப்பெட்காரன்:
கண்டுகொள்ளாமல் விடக் கூடாது சார். காரணம் தெரியும் வரை ரிப்போர்ட் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். ரெண்டு விஷயம் சொல்லுங்கள்: எல்லா என்டிசியிலும் ஒரே மாதிரி வருகிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறதா? ஓடி முடிந்த குழாயை எப்போதாவது திறக்கிறீர்களா?

கிளினிக்வாசி:
ஒரு வரிசை முழுக்க என்டிசி வைத்துப் பார்த்தேன், சில குழிகளில் மட்டும்தான், அதுவும் வேறு வேறு சுழற்சியில். திறப்பது உண்டு. சந்தேகமான மாதிரியை ஜெல்லில் ஓட்டி, டிஎன்ஏ துண்டை அளவுவாரியாகப் பிரித்துப் பார்ப்போம், ஜெல் டேங்க் அதே மேசையின் கடைசியில் இருக்கிறது.

பைப்பெட்காரன்:
அங்கேதான் வினை. ரீஏஜென்ட்டிலேயே டிஎன்ஏ கலந்திருந்தால் பெரும்பாலும் எல்லாக் குழியும் ஒன்றுபோல ஏறும். சிதறலாக வந்தால் காற்றிலோ, கையுறையிலோ, பைப்பெட்டின் உள்தண்டிலோ ஒட்டியிருக்கும் ஆம்ப்ளிகான் (பிசிஆரில் பெருகிய டிஎன்ஏ துண்டு) மேல்தான் முதல் சந்தேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 சுழற்சியில் ஒரு பிரதி கிட்டத்தட்ட 107 கோடி ஆகிறது, மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியிலேயே லட்சக்கணக்கில் இருக்கும். எத்தனால் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை உடைக்காது. துடைத்த துணியோடு கொஞ்சம் போகும், மிச்சத்தை மேசை முழுக்கப் பூசிவிடுவீர்கள், அவ்வளவுதான். அன்றன்று கலந்த பத்தில் ஒரு பங்கு பிளீச்சைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் எஃகு அரித்துவிடும்.

ஜெல்லை அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள். புரோப் (தேடும் டிஎன்ஏவில் ஒட்டி ஒளி தரும் துண்டு) வைத்து ஓட்டும் சோதனைக்கு ஜெல் எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை. சந்தேகமா, மறுபடி டிஎன்ஏ பிரித்து மறுபடி ஓட்டுங்கள்.

நடுராத்திரி:
யூவி விளக்கு ஒன்று மாட்டி இரவெல்லாம் எரியவிட்டால் போதுமே, ஏன் இவ்வளவு பாடு?

பைப்பெட்காரன்:
துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி இருக்க முடியாது. ஜீனோடைப்பிங் ஆம்ப்ளிகான் குட்டையானது, காய்ந்த நிலையில் யூவி அதை அவ்வளவாகச் சிதைக்காது. நிழல் விழும் இடத்தில் சுத்தமாக வேலை செய்யாது.

குளிர்பெட்டி:
அறை பற்றி நான் சொல்கிறேன். இரண்டாவது அறை கிடைக்காவிட்டால் ஒரு தடுப்பாவது போடுங்கள், அல்லது மாஸ்டர் மிக்ஸுக்கென்று ஒரு மூடிய பிசிஆர் பெட்டி வாங்குங்கள். வேலை ஒரே திசையில்தான் போகணும்: மிக்ஸ், டிஎன்ஏ சேர்ப்பது, மெஷின். மெஷின் பக்கம் போனவர் அன்று மிக்ஸ் பக்கம் திரும்பக் கூடாது, அவர் கோட்டும் பேனாவும்கூட வரக் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி பைப்பெட், ஃபில்டர் டிப். ஏசி காற்று மெஷின் பக்கமிருந்து மிக்ஸ் மேசைக்கு அடிக்கிறதா என்று பாருங்கள், இதை யாரும் கவனிப்பதே இல்லை. ரீஏஜென்ட்டைச் சின்னச் சின்னக் குழாயில் பிரித்து வையுங்கள். தானாகப் பனி உருக்கும் ஃபிரீசர் என்சைமுக்கு ஆகாது, அது அவ்வப்போது சூடாகும்.

கிளினிக்வாசி:
நன்றி. யூஎன்ஜி என்சைம் சேர்த்த மிக்ஸ் வாங்கினால் பழைய கறை போய்விடுமா?

பைப்பெட்காரன்:
உங்கள் இப்போதைய மிக்ஸில் டியூடிபி (ஆம்ப்ளிகானில் தைமினுக்குப் பதில் யூராசிலைச் சேர்க்கும் பொருள்) இருந்ததா என்று பாருங்கள். யூராசில் உள்ள ஆம்ப்ளிகானைத்தான் யூஎன்ஜி வெட்டும், சாதாரண தைமினோடு உருவான பழசை அது தொடாது. இனி வருவதற்கு வேலி, அவ்வளவுதான். பழசுக்குப் பிளீச்சும், பைப்பெட்டைக் கழற்றிக் கழுவுவதும்தான். எல்லாம் முடிந்ததும் வேறொரு அறையில், திறக்காத தண்ணீர், திறக்காத மிக்ஸ், புது டிப் வைத்து ஒரு வரிசை என்டிசி தயாரியுங்கள், உங்கள் மேசையில் இன்னொரு வரிசை. வெளியே போட்டது சுத்தமாக வந்து மேசையில் போட்டது ஏறினால் இன்னும் துடைக்கணும். இரண்டும் ஏறினால் கிட் கம்பெனியிடம் பேசுங்கள்.

குளிர்பெட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. டிஎன்ஏ பிரிக்கும் கிட்டில் குவானிடின் உப்பு இருக்கும். அந்தக் கழிவில் பிளீச் ஊற்றிவிடாதீர்கள், விஷவாயு வரும். தனி டப்பாவில் சேர்த்து, மேலே எழுதி ஒட்டி, பிளீச் பாட்டில் இல்லாத பக்கம் வையுங்கள்.

கிளினிக்வாசி:
இரண்டும் இப்போது ஒரே அலமாரியில்தான் இருக்கிறது. பிரித்துவிட்டு, ஜெல் டேங்க்கையும் வெளியே எடுத்துவிட்டு, இரண்டு வரிசை என்டிசி முடிவோடு வருகிறேன்.